சின்ன வண்டியில் தங்கிவிடும் வரி

பெட்ரோல் பங்கில் "ஒரு லிட்டர் போடுங்க" என்று யாராவது கேட்டுப் பல வருஷம் ஆகிறது. "நூறு ரூபாய்க்கு", "இருநூறுக்கு" என்றுதான் கேட்கிறோம். கருமத்தம்பட்டிப் பக்கம் நான் வழக்கமாகப் போடும் பங்கில் காலை எட்டு மணிக்கு நின்று பார்த்தால் தெரியும். கம்பெனிக்குப் போகிறவர்கள் எக்ஸ்எல்லையும் ஸ்பிளெண்டரையும் வரிசையில் தள்ளிக்கொண்டு வருவார்கள், நூறு ரூபாய்த் தாளை நீட்டுவார்கள், பங்க் பையன் "ஜீரோ பாத்துக்கங்ணா" என்பான், முடிந்தது. விலை ஏறினாலும் நீட்டும் தாள் அதேதான். டேங்கில் விழுவதுதான் குறைகிறது. 2025 கணக்கில் அந்த நூறில் ஏறக்குறைய நாற்பத்துமூன்று ரூபாய் வரி என்பது அங்கே யாருக்கும் நினைவில் இருப்பதில்லை. எனக்கும் இருந்ததில்லை, ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போடும் வரை.

எரிபொருள் வரி என்றால் உடனே பெட்ரோல் விலைதான் பேச்சாகிறது. கண்ணுக்குத் தெரிவது அதுதான். ஆனால் திருப்பூர், நாமக்கல், ஈரோடு, கரூர் என்று நம் கொங்குப் பகுதியை எடுத்துக்கொண்டால், பிழைப்பைத் தொடுவது பெட்ரோலைவிட டீசல் வரிதான். அதிலும் பெரிய லாரியில் அது கரைந்துவிடுகிறது. சின்ன வண்டியில் அப்படியே தங்கிவிடுகிறது. எப்படி என்று சொல்வதற்கு முன்னால், வரி எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பார்த்துவிடலாம்.

பெட்ரோல், டீசலுக்கு ஜிஎஸ்டி கிடையாது. 2017-ல் எல்லாவற்றையும் ஒரே வரிக்குள் கொண்டுவந்தபோது பெட்ரோல், டீசல், கச்சா எண்ணெய், இயற்கை எரிவாயு, விமான எரிபொருள் ஆகிய ஐந்தையும் வெளியே நிறுத்திவிட்டார்கள். அதனால் பழையபடி இரண்டு வரி. மத்திய அரசின் கலால் வரி லிட்டருக்கு இவ்வளவு ரூபாய் என்று ஒரே தொகை. அதன் மேல் மாநில அரசின் வாட் வரி. 2025-ல் தமிழ்நாட்டில் பெட்ரோலுக்கு 13 சதவீதமும் கூடவே லிட்டருக்கு 11 ரூபாய் 52 காசும். டீசலுக்கு 11 சதவீதமும் 9 ரூபாய் 62 காசும். இந்தச் சதவீதம் மத்திய வரியையும் சேர்த்த விலையின் மேல் போடப்படுகிறது. வரிக்கு மேல் வரி.

மத்திய வரி போன கதை கொஞ்சம் சுவாரசியமானது. 2014 ஏப்ரலில் பெட்ரோலுக்கு 9 ரூபாய் 48 காசு, டீசலுக்கு வெறும் 3 ரூபாய் 56 காசு. அந்த வருஷ நடுவிலிருந்து கச்சா எண்ணெய் விலை சரியத் தொடங்கியது. 2014 நவம்பரிலிருந்து 2016 ஜனவரிக்குள் ஒன்பது முறை வரியை ஏற்றினார்கள். பேரல் விலை இறங்க இறங்க வரி ஏறியது; பங்கில் விலை கச்சா இறங்கிய அளவுக்கு இறங்கவில்லை; யாரும் கவனிக்கவில்லை. அடுத்த பெரிய ஏற்றம் கொரோனா காலத்தில். 2020 மே முதல் வாரத்தில், ஊரெல்லாம் பூட்டிக் கிடந்தபோது, நாமக்கல்லில் லாரிகள் ஓட்டமில்லாமல் வரிசையாக நின்றபோது, மாநில அரசு வாட் முறையை மாற்றிப் பெட்ரோலுக்கு 3 ரூபாய் 25 காசும் டீசலுக்கு 2 ரூபாய் 50 காசும் ஏற்றியது. இரண்டு மூன்று நாளில் மத்திய அரசு பெட்ரோலுக்குப் பத்து ரூபாயும் டீசலுக்குப் பதின்மூன்று ரூபாயும் ஏற்றியது. டீசலின் கலால் வரி 31 ரூபாய் 83 காசு ஆனது. ஆறே வருஷத்தில் கிட்டத்தட்ட ஒன்பது மடங்கு.

மத்திய அரசு ஏற்றிய அன்று பங்கில் விலை ஒரு காசு கூட ஏறவில்லை. கச்சா எண்ணெய் அவ்வளவு மலிவாகக் கிடந்தது. இறங்கியிருக்க வேண்டிய விலையை வரி விழுங்கிக்கொண்டது. ஜூன் 7-ஆம் தேதியிலிருந்து கச்சா விலையோடு சேர்ந்து பங்க் விலையும் தினமும் ஏறத் தொடங்கியபோதுதான் சத்தம் வந்தது. அப்போது பழி உலகச் சந்தைக்குப் போனது. இந்த வித்தையை இரண்டு அரசுகளும் அறிந்தே வைத்திருக்கின்றன. 2025 ஏப்ரலிலும் இதுவே நடந்தது: லிட்டருக்கு இரண்டு ரூபாய் கலால் வரி ஏறியது, பங்க் விலை அப்படியே நின்றது.

இடையில் இறக்கவும் செய்தார்கள். 2021 நவம்பரில் பெட்ரோலுக்கு 5, டீசலுக்கு 10. 2022 மே மாதம் 8, 6. அதற்கு முன்னால் சென்னையில் பெட்ரோல் 110 ரூபாய் 85 காசு, டீசல் 100 ரூபாய் 94 காசு என்று நின்றது பலருக்கு நினைவிருக்கும். 2024 மார்ச்சில் இன்னொரு இரண்டு ரூபாய் விலைக்குறைப்பு, மக்களவைத் தேர்தலுக்குக் கொஞ்சம் முன்னால். தேர்தல் வந்தால் மீட்டர் நிற்கும் என்று டீக்கடையில் சொல்வார்கள். ஐந்து மாநிலத் தேர்தலையொட்டி 2021 நவம்பரிலிருந்து 2022 மார்ச் வரை விலை நான்கரை மாதம் அசையாமல் நின்றதைப் பார்த்தவர்கள் அதை மறுக்கமாட்டார்கள்.

மாநிலங்களுக்குப் பங்கு போகிறதே என்பார்கள். போகிறது, ஆனால் எதில் என்று பார்க்க வேண்டும். கலால் வரி என்பது நான்கு துண்டு: அடிப்படை வரி, சிறப்புக் கூடுதல் வரி, சாலை செஸ், விவசாய செஸ் (செஸ் என்றால் ஒரு வேலைக்கென்று தனியாக வாங்கும் கூடுதல் வரி). மாநிலங்களோடு பங்கு போட வேண்டியது அடிப்படை வரியை மட்டும். 2021-ல் பெட்ரோலுக்கு மொத்தக் கலால் வரி 32 ரூபாய் 90 காசாக இருந்தபோது அந்த அடிப்படை வரி 1 ரூபாய் 40 காசு. அதில் 41 சதவீதம், அதாவது 57 காசு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து. தமிழ்நாட்டின் பங்கு அப்போது அதில் 4.079 சதவீதம். கணக்குப் போட்டால் இரண்டு காசுக்குச் சற்று மேல் வருகிறது. முப்பத்திரண்டு ரூபாய் தொண்ணூறு காசில் இரண்டு காசு. சாலை செஸ்ஸில் ஒரு பகுதி சாலை வேலையாகத் திரும்புகிறது என்பது உண்மைதான். ஆனால் சேலத்திலிருந்து கோவைக்கு லோடு ஏற்றிப் போகும் லாரிக்காரர் அதைக் கேட்டால் சிரிப்பார். வைகுந்தம், விஜயமங்கலம், கணியூர் என்று மூன்று டோல்கேட்டில் அவர் தனியாகக் கட்டிவிட்டுத்தான் வருகிறார்.

சரி, இப்போது வண்டிக்கு வருவோம்.

டீசல் வரி ஏறினால் எல்லாப் பொருளும் விலை ஏறும் என்பது எல்லோரும் சொல்லும் விஷயம். பாதிதான் உண்மை என்பேன். நாமக்கல்லில் முட்டை ஏற்றிக்கொண்டு ஒரு லாரி திருவனந்தபுரம் போய்த் திரும்புகிறது என்று வையுங்கள். போக வர எண்ணூறு கிலோமீட்டருக்கு மேல். லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டர் என்றால் நூற்று அறுபது, நூற்று எழுபது லிட்டர் டீசல். 2025 கணக்கில் லிட்டருக்கு இரண்டு வரியும் சேர்த்துத் தோராயமாக 35 ரூபாய். ஆறாயிரம் ரூபாய் வரை வரி. பெரிய தொகைதான். ஆனால் லாரியில் ஒரு லட்சம் முட்டை இருந்தால் ஒரு முட்டைக்கு ஆறு காசு. தீவனத்துக்கு வரும் மக்காச்சோளம், சோயா லாரிகளின் டீசலையும் சேர்த்தால் இன்னும் சில காசு. முட்டை விலை ஒரே வாரத்தில் இருபது முப்பது காசு ஏறி இறங்கும் ஊரில் இது பெரிய விஷயமில்லை.

இப்போது திருப்பூருக்குள் ஓடும் ஒரு குட்டியானையை, அதாவது டாட்டா ஏஸை, எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பூரில் ஒரு பனியன் ஒரே கூரைக்கு அடியில் பிறப்பதில்லை. நூல் மில்லிலிருந்து வரும். நிட்டிங் ஒரு இடம். அங்கிருந்து துணியை உருளை உருளையாக ஏற்றி வீரபாண்டிப் பக்கம் டையிங், அதாவது சாயம். பிறகு துணியை அழுத்திச் சீராக்கும் காம்பேக்டிங். கட்டிங் முடிந்து பிரிண்டிங்குக்கு ஒரு நடை, எம்பிராய்டரிக்கு ஒரு நடை, தைக்க ஒரு யூனிட், காஜா பட்டனுக்கு வேறொரு இடம், அயர்ன் செக்கிங்குக்குத் திரும்ப. ஒவ்வொன்றும் நாலு கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர்தான். ஆனால் ஒவ்வொரு நடைக்கும் ஒரு வண்டி. வண்டியில் சில சமயம் இருநூறு கிலோ துணி மட்டும் இருக்கும், திரும்பும்போது அதுவும் இருக்காது.

அப்படி வண்டி ஓட்டும் ஒருவரோடு ஒரு மதியம் முழுக்கச் சுற்றினேன். காங்கயம் பக்கத்து ஊர்க்காரர், சொந்த வண்டி, தவணை இன்னும் பாக்கி. டையிங் வாசலில் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன், டீசல் ஏறினால் வாடகையை ஏற்றிவிடுவீர்கள்தானே என்று.

"எல்லாரும் அப்படித்தானுங்ணா நெனைக்கறாங்க. லாரி ஆபீஸ்ல ஏத்துவாங்க, அவுங்களுக்குச் சங்கம் இருக்குது. நான் ஏத்திக் கேட்டா, கேட்டுக்கு வெளிய இன்னொரு வண்டி நிக்குதுங். அவனக் கூப்புட்டுக்குவாங்க."

ஒருநாளைக்கு எண்பது கிலோமீட்டர் போல ஓடுகிறார். ட்ராஃபிக்கில் நின்று நின்று போவதால் ஐந்து லிட்டர் ஆகிறது. டீசல், டியூ, டயர், பழுது எல்லாம் போகக் கையில் நிற்பது எண்ணூறு ரூபாய், நல்ல நாளாக இருந்தால் ஆயிரம் என்றார். அந்த ஐந்து லிட்டரில் அவர் கட்டும் வரி 175 ரூபாய். மாதம் இருபத்தைந்து நாள் ஓட்டினால் நாலாயிரத்து முந்நூறு நாலாயிரத்து நானூறு. வருஷத்துக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல். நான் போனில் கணக்குப் போட்டுக் காட்டியதும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தார். "நாம்ப வரியே கட்டறதில்லைன்னு சொல்றாங்களேங்ணா" என்றார் பிறகு.

சொல்லத்தான் செய்கிறார்கள். வருமான வரி கட்டுகிறவர்கள் சிலர்தான், மற்றவர்கள் அவர்கள் முதுகில் சவாரி செய்கிறார்கள் என்று படித்தவர்கள் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார்கள். 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு புதிய முறையில் வருஷம் பன்னிரண்டு லட்சம் சம்பாதிப்பவருக்கு வருமான வரி இல்லை. வருஷம் மூன்று லட்சம் கூட நிற்காத இந்த ஓட்டுநர் டீசலில் மட்டும் அரை லட்சம் கட்டுகிறார். ஒரு பகுதியையாவது வாடகையில் வாங்கிவிடுகிறாரே என்று பொருளாதாரம் தெரிந்தவர் கேட்கலாம். வாங்குகிறார்தான். ஆனால் எவ்வளவு வாங்க முடிகிறது என்பது அவர் பேரம் பேசும் பலத்தைப் பொறுத்தது, கேட்டுக்கு வெளியே நிற்கும் அடுத்த வண்டி அந்தப் பலத்தைத் தின்றுவிடுகிறது. அதுவும் போக, பங்கில் டீசலுக்குக் காசு அன்றன்றைக்கு. அடுத்தவர் துணிக்குக் கூலிக்கு வேலை செய்யும் ஜாப் ஒர்க் கம்பெனிகள் வாடகை பில்லைத் தீர்ப்பது மாதம் கழித்து, சில இடத்தில் இரண்டு மாதம். அரசுக்கு வரியை ரொக்கமாக முன்கூட்டிக் கட்டிவிட்டு, அந்தக் காசுக்காக அவர் கணக்கர் மேசை முன்னால் நிற்கிறார்.

இங்கேதான் ஜிஎஸ்டிக்கு வெளியே இருப்பதன் விளைவு தெரிகிறது. நூலுக்குக் கட்டிய ஜிஎஸ்டியைத் துணியில் கழித்துக்கொள்ளலாம், துணிக்குக் கட்டியதை ஆடையில் கழித்துக்கொள்ளலாம். டீசலுக்குக் கட்டியதை எங்கேயும் கழிக்க முடியாது. ஒவ்வொரு நடையிலும் அது செலவோடு ஒட்டிக்கொள்கிறது, அந்தச் செலவின் மேல் அடுத்த ஜிஎஸ்டி ஏறுகிறது. ஒரே கூரைக்கு அடியில் எல்லாம் வைத்திருக்கும் பெரிய ஆலைக்கு இந்த நடைகள் இல்லை. பத்து யூனிட்டாகப் பிரிந்து கிடக்கும் திருப்பூரின் சின்ன முதலாளிக்கு உண்டு. நம் ஊரின் பலம் என்று நாம் பெருமையாகச் சொல்லும் அந்தப் பிரிந்து செய்யும் முறைக்கே டீசல் வரி ஒரு தண்டனை போல ஆகிவிட்டது.

ஏற்றுமதிக்கு மட்டும் இதில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. ஜிஎஸ்டியில் கழியாத மத்திய, மாநில வரிகளை, லாரி டீசலில் கட்டிய வரி உட்பட, ஆடை ஏற்றுமதியாளருக்கு ஒரு மதிப்பீட்டின்படி திருப்பித் தரும் திட்டம் 2019 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. வரியை ஏற்றுமதி செய்யக்கூடாது என்பது உலக வழக்கம், அதில் தப்பில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள்: அமெரிக்காவில் ஒருவர் போடும் டீசர்ட்டில் நம் டீசல் வரி இல்லை, அதைத் தைத்த பெண் தன் பையனுக்குச் சந்தையில் வாங்கும் பனியனில் இருக்கிறது. திரும்பி வரும் தொகையும் ஏற்றுமதியாளர் கணக்கில் நிற்கும். குட்டியானைக்காரர் வரை அது நடந்து வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

பெரிய வண்டிக்கு இன்னொரு வழியும் இருந்தது. எல்லை. 2024 மார்ச்சிலிருந்து ஜூன் நடு வரை பெங்களூரில் டீசல் 86 ரூபாயைத் தொடவில்லை. சென்னையில் 92 ரூபாய் 34 காசு. ஓசூர் வழியாகவோ திம்பம் மலை ஏறியோ கர்நாடகம் போகும் லாரிக்காரர் திரும்பும்போது நானூறு லிட்டர் டேங்கை அந்தப் பக்கமே நிரப்பினால் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். கர்நாடகம் 2024 ஜூனிலும் 2025 ஏப்ரலிலும் வரியை ஏற்றியபின் அந்த வித்தியாசம் ஏறக்குறையத் தீர்ந்துவிட்டது. வாளையார் பக்கம் கதை தலைகீழ். கேரளத்தில் வரி அதிகம், 2023 ஏப்ரலிலிருந்து லிட்டருக்கு இரண்டு ரூபாய் சமூகப் பாதுகாப்பு செஸ் வேறு. அதனால் கேஎல் நம்பர் கார்கள் நம் பக்கத்து பங்கில் நின்று ஃபுல் டேங்க் அடித்துப் போவதை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்க்கலாம். எல்லை தாண்ட முடிந்தவனுக்கு வரியிலும் பேரம் உண்டு. ஊருக்குள்ளேயே எண்பது கிலோமீட்டர் சுற்றுகிறவருக்கு எந்த எல்லை?

யார் ஏற்றிக் கேட்க முடியும், யாரால் முடியாது என்பதை வைத்தே நம் பகுதித் தொழில்களை இரண்டாகப் பிரித்துவிடலாம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் டீசல் ஏறினால் சங்கம் கூட்டி அடிக்கு இவ்வளவு என்று ரேட்டைத் திருத்துவார்கள். போர் போடுகிற விவசாயி கொடுத்துத்தான் ஆகவேண்டும், கிணறு வற்றிவிட்டது. டிராக்டர் உழவுக்கும் அப்படியே, மணிக்கு இவ்வளவு என்று ஏறும். அந்த விவசாயி யாரிடம் ஏற்றிக் கேட்பார்? ஈரோட்டில் மஞ்சள் ஏலத்தில் போகிறது, கிணத்துக்கடவில் தக்காளியின் விலையை வியாபாரி சொல்கிறார், சொசைட்டியில் பால் விலையை அரசு சொல்கிறது. கடலோரத்தில் விசைப்படகுக்கு மாநில விற்பனை வரி இல்லாத டீசல் உண்டு. வயக்காட்டில் உழும் டிராக்டருக்கு இல்லை. கரண்ட் இலவசம், அது பெரிய உதவிதான், ஆனால் உழவு கரண்டில் ஓடுவதில்லையே.

விசைத்தறியும் அப்படித்தான். பாவு நூலை வாங்கி வந்து துணியாக்கிக் கொடுக்கும் கூலித்தறிக்காரர் தன் கூலியைத் தானே நிர்ணயிப்பதில்லை. 2021 நவம்பரில் கோவையில் பேசி, சோமனூர் ரகத்துக்கு 23 சதவீதமும் மற்ற ரகங்களுக்கு 20 சதவீதமும் உயர்த்துவதாக முடிவானது. அது கைக்கு வரவில்லை என்று 2022 ஜனவரியில் தறிகளை நிறுத்தினார்கள். பாவு ஏற்றிப்போகும் வண்டி வாடகை மட்டும் அதற்குள் பலமுறை பேசப்பட்டிருக்கும்.

இனி பெட்ரோல். ஒரு நடுத்தரக் கணக்கு: கிராமத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி வேலைக்குப் போகும் ஆள், மாதம் இருபத்தாறு நாள், லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர். மாதம் இருபத்தொரு லிட்டர், வரி மட்டும் ஏறக்குறைய தொள்ளாயிரம் ரூபாய். பதினைந்தாயிரம் சம்பளத்தில் ஆறு சதவீதம். அதே தூரத்தைக் காரில் போகும் லட்ச ரூபாய் சம்பளக்காரருக்கு வரி மூவாயிரம் ஆகும், சம்பளத்தில் மூன்று சதவீதம். கார்க்காரர் அதிகம் கட்டுகிறார், ஆனால் எக்ஸ்எல்காரர் அதிகம் இழக்கிறார்.

2021 ஆகஸ்டில் தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்டில் பெட்ரோல் வரியை மூன்று ரூபாய் குறைத்தபோது சொன்ன காரணம் இதுதான்: மாநிலத்தில் 2.63 கோடி இருசக்கர வாகனங்கள், உழைக்கும் மக்களின் வண்டி. அரசுக்கு வருஷம் 1,160 கோடி ரூபாய் இழப்பு என்றும் சொன்னார். நல்ல முடிவுதான். ஆனால் திமுகவின் தேர்தல் அறிக்கையில் பெட்ரோலுக்கு ஐந்து, டீசலுக்கு நாலு என்று இருந்தது. அந்த பட்ஜெட்டில் டீசலுக்கு ஒன்றும் வரவில்லை. பங்கில் யார் நிற்கிறார் என்று பார்த்தால் பெட்ரோல்தான் ஏழையின் எரிபொருள். டையிங் வாசலில் நின்று பார்த்தால் அப்படித் தெரியாது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிட்டால் நான் நேர்மையற்றவன் ஆவேன். பெண்களின் இலவச டவுன் பஸ் பயணத்தால் ஒருவருக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று மாநிலத் திட்டக் குழு ஆய்வு கண்டது. நான் மேலே போட்ட தொள்ளாயிரத்தோடு வைத்துப் பாருங்கள். கணவர் பெட்ரோலில் கட்டுவதை மனைவி பஸ்ஸில் மிச்சம் பிடிக்கிறார். (அந்த தொள்ளாயிரத்தில் பாதி டெல்லிக்குப் போவது வேறு விஷயம்.) வரி வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை, வாங்கியது இப்படித் திரும்பினால் கணக்கு வேறு மாதிரி ஆகிறது. ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடிந்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவருக்கு அந்தக் கிராமத்துக்குப் பஸ் இருந்தால்தான் அந்த 888.

பெட்ரோலையும் டீசலையும் ஜிஎஸ்டிக்குள் கொண்டுவந்தால் தீர்ந்துவிடுமா? 2025 கணக்கில் பெட்ரோலின் அசல் விலை டீலர் கமிஷனோடு ஐம்பத்தேழு ஐம்பத்தெட்டு ரூபாய்தான். ஜிஎஸ்டியில் உச்சமான 40 சதவீதம் போட்டாலும் வரி 23 ரூபாய். அப்போதைய 43-ல் பாதிக்குச் சற்று மேல்தான். லிட்டருக்கு இருபது ரூபாயை விட்டுக்கொடுக்க இரண்டு அரசுக்கும் மனமில்லை. 2021 செப்டம்பரில் லக்னோவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில் இதைப் பேச்சுக்கு எடுத்து, இப்போது வேண்டாம் என்று வைத்துவிட்டது. மற்ற எல்லாவற்றிலும் மோதிக்கொள்ளும் கட்சிகள் அதில் மட்டும் ஒரே குரலில் பேசின.

வந்தாலும் வரியைக் கழித்துக்கொள்ளும் வசதி ஜிஎஸ்டி நம்பர் வைத்திருப்பவருக்குத்தான். குட்டியானைக்காரரிடம் அது இல்லை. விலை இறங்குவதில் அவருக்குக் கிடைப்பது கிடைக்கும், அந்த அளவுக்கு வாடகையைக் குறைத்துக்கொள் என்று கேட்காமல் இருந்தால்.

அன்று டையிங் வாசலில் முறை வர நாலரை மணி ஆகிவிட்டது. துணியை இறக்கிவிட்டு வெளியே வந்ததும் வண்டியை நேராக பங்குக்கு விட்டார். முள் சிவப்பில் இருந்தது. "ஐநூறுக்குப் போடு கண்ணு" என்றார் பையனிடம். பிறகு மேல்பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேண்டாம், முந்நூறுக்குப் போடு. அயர்ன்காரர் சனிக்கிழமைதான் தர்றேன்னிருக்காரு."